சைலஸ் ஒத்துக்கொண்ட கொலை

"எங்கப்பாதான் எங்கம்மாவைத் தள்ளிக் கொன்னாரா? அது மட்டும் எனக்குத் தெரியணும் அங்கிள்."

ஷைலா உட்காரக்கூட இல்லை. அம்மா சாரா வீட்டுக்கு வெளியே தண்ணீர்த் தொட்டிப் படியில் விழுந்து செத்து இரண்டு மாதம். வழுக்கி விழுந்ததாகப் போலீஸ் முடித்துவிட்டது. இப்போது ஒரு வாரமாக, "நான்தான் தள்ளினேன்" என்கிறார் அப்பா சைலஸ். இந்தப் பாவி மனுஷனுக்கு எந்தக் கையால் சோறு போடுவது?

"அன்னிக்குப் பார்த்ததைச் சொல்லும்மா" என்றார் ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர் டக்ளஸ்.

"பெங்களூர் ரயில்ல வந்து இறங்கினேன். அம்மா தொட்டிகிட்ட கிடந்தாங்க, உடம்பு சில்லுனு. அவங்க இடுப்புல இருந்த சாவியால பூட்டைத் தொறந்து அப்பாவைக் கூப்பிட்டேன். 'சாரா இன்னும் வரலியா'ன்னாரு."

"அவரே ஒத்துக்கினாரே, அப்புறம் இன்னா சார்?" துள்ளினார் மனோகர். டக்ளஸிடம் கான்ஸ்டபிளாக இருந்தவர். இன்னும் அவரை விட்டபாடில்லை.

மூவரும் ஷைலாவின் வீடு இருக்கும் ஸ்கெலட்டன் பகுதிக்குப் போனார்கள். சைலஸ் கட்டிலில் இருந்தார்.

"நேத்து ஊரிகம் ஸ்டேஷன்ல டீ குடிச்சோமே, ஞாபகம் இருக்குதா?" என்றார் டக்ளஸ்.

"ஏன் இல்லாம? நீதான் வாங்கிக் குடுத்த. சர்க்கரை கம்மி."

மனோகர் வாயைப் பிளந்தார். நேற்று முழுக்க டக்ளஸும் அவரும் கோலார் கோர்ட்டில் அல்லவா இருந்தார்கள்!

"சோறு தின்னாம வருஷக்கணக்காக் குடிச்சதுல மூளை கெட்டுப்போச்சு, புதுசா எதுவும் நிக்காதுன்னு டாக்டர் சொன்னாரு" என்றாள் ஷைலா.

"காலியான இடத்துல அடுத்தவங்க சொல்றது போய் உக்காந்துக்கும். அவருக்கு அது பொய்யில்ல. 'நீ தள்ளிட்டியா'ன்னு யாராவது கேட்டாங்களா?" என்றார் டக்ளஸ்.

"பக்கத்து வீட்டு பாப்பம்மா அத்தை. தினமும்."

"நிஜமாவே தள்ளியிருந்தா?" மனோகர் விடவில்லை.

டக்ளஸ் ஷைலாவிடம் திரும்பினார். "வீட்டை ஏன் பூட்டுவீங்கம்மா?"

"இல்லாட்டி பிராந்திக் கடைக்கு ஓடிடுவாரு. பின்கதவையும் ஆணி அடிச்சிட்டோம். சாவி ஒண்ணுதான்."

"தள்ளிட்டு உள்ள வந்திருந்தா, வெளியே பூட்டி, செத்தவங்க இடுப்புல சாவியைச் சொருகினது யாரு?"

ஷைலா அப்படியே நின்றாள். பூட்டைத் திறந்தது அவள்தான். இரண்டு மாதமாக அவள் கையிலேயே இருந்த பதில்! தேம்பித் தேம்பி அழுதாள். பிறகு தட்டு எடுத்துச் சோறு போட்டாள்.

"நீ தள்ளலப்பா." சைலஸ் தலையாட்டிக்கொண்டே சாப்பிட்டார்.

வழியனுப்ப வெளியே வந்தவள் பழக்கத்தில் கதவைப் பூட்டினாள். மூவரும் தெருமுனைகூடத் தாண்டவில்லை.

"சாரா, நான்தானே உன்னைத் தள்ளிட்டேன்..." உள்ளே சைலஸ் அழுதார்.

மனோகர் டக்ளஸைப் பார்த்தார்.

ஷைலா ஓடிப்போய்ப் பூட்டைத் திறந்தாள். "இல்லப்பா, நீ வீட்டுக்குள்ள இருந்த. பூட்டை நான்தான் தொறந்தேன்" என்று மறுபடி முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.