வாங்கிக் கொடுக்கும் பெட்டி

எரியக் கூடாத விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

ஹாலில் டெலிபோன் வைத்த ஸ்டூலின் மேலேதான் மோடமும் இருந்தது. அதன் முகத்தில் வரிசையாக நான்கு புள்ளிகள். மூன்று பச்சையாக எரியும், கடைசிப் புள்ளி இனிமேல் இருட்டாகவே கிடக்கும் என்று காலையில் ஃபயாஸ் சொல்லிவிட்டுப் போயிருந்தான். இப்போது அந்தக் கடைசிப் புள்ளி சிவப்பாக எரிந்தது. சிமிட்டவில்லை, நடுங்கவில்லை, கதவைத் திறந்ததும் உலைக்குள் தெரியுமே, கண்ணைக் கூச வைக்காமல் கண்ணுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்ளும் ஒரு சிவப்பு, அந்தச் சிவப்பு. வெளியே ஐப்பசி மழை சிமெண்ட் ஷீட்டில் கொட்டிக்கொண்டிருக்க, சிப்காட் புகை மழைக்கு அடங்கி ரோட்டோடு படிந்து கிடக்க, பொழுது சாய்வதற்கு முன்பே வீட்டுக்குள் இருட்டு ஏறியிருந்தது. ஸ்டீவன் நாற்காலியில் உட்கார்ந்தபடி அந்தப் புள்ளியையே பார்த்தான்.

ஃபயாஸ் கும்மிடிப்பூண்டி பஜாரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் பழவேற்காட்டுக்காரன். காலையில் வந்தபோது வாய் ஓயவில்லை.

"மோடம், ரவுட்டர் ரெண்டு பொட்டியும் நானு நீனுன்னு டயல் பண்ணிக்கினு கீது ண்ணா. ஒரு கனெக்‌ஷனுக்கு ஒருத்தன்தான் உள்ள போவ முடியும். இதுங்க சண்டையிலதான் மஸ்கட் மாப்ள மூஞ்சி பாதியில நின்னு பூடுது."

"நைனா எதிர்லயே இன்னா பேசுறீங்கண்ணே," என்று ஸ்டீவனின் மகள் கிறிஸ்டினா உள்ளே ஓடிவிட்டாள். தை மாதம் அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை மஸ்கட்டில் ஃபிட்டர். ஞாயிறு சாயங்காலம் கேமராவில் முகம் பார்த்துப் பேசத்தான் இந்த ஏற்பாடெல்லாம்.

"இப்போ மோடத்த பிரிட்ஜ் மோடுல போட்டுட்டேன் ண்ணா. இனிமே இதுக்கு மூளை கெடையாது. லைன்ல இன்னா வருதோ அத அப்டியே வாங்கி, உள் ரூம்ல கீற ரவுட்டர் கையில குடுத்துடும். டயல் பண்றது, பாஸ்வேர்டு சொல்றது எல்லாம் ரவுட்டர் வேலை. அதனால இந்தக் கடைசி லைட்டு எரியாது. எரியலன்னு போன் போட்டு என்ன பேஜாரு பண்ணாதீங்க."

"அப்போ இது கேட்சர் வேலை," என்றான் ஸ்டீவன்.

"இன்னாது?"

"வாங்கி உடறது. மில்லுல நான் பாத்த வேலை."

இரும்பை உருட்டிக் கம்பியாக்கும் மில்லில் ஸ்டீவன் பல வருடம் கேட்சராக இருந்தவன். சிவக்கக் காய்ந்த கம்பி உருளைகளுக்கு நடுவிலிருந்து சீறிக்கொண்டு வரும். குறடால் அதன் மூக்கைக் கவ்வி, உடம்போடு திரும்பி, உருளையில் வெட்டிய அடுத்த பள்ளத்தில் நுழைத்து எதிர்ப்பக்கத்து ஆளுக்கு அனுப்ப வேண்டும். கையில் வைத்துக்கொள்ள முடியாது. நின்று யோசிக்கவும் முடியாது. எதிர்ப்பக்கத்தில் நின்றவன் சடையப்பன். போன வருடம் ஸ்டீவன் விட்ட ஒரு கம்பி பள்ளம் தவறி மேலே எழும்பி, சடையப்பனின் வயிற்றில் புகுந்து முதுகு வழியாக வெளியே வந்தது. உருளை நிற்கவில்லை. பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே இருந்தது. அவனுக்குள் புகுந்த கம்பி அவனைத் தாண்டி ஓடி, சுவரில் முட்டிச் சுருண்ட பிறகுதான் எவனோ போய் சுவிட்சை அணைத்தான். ஆளைப் பிரித்தெடுக்க கேஸ் கட்டர் கொண்டு வந்தார்கள். தரையைக் கழுவிவிட்டு அடுத்த ஷிப்டை ஏற்றினார்கள். அதோடு ஸ்டீவன் உருளைப் பக்கம் போவதை விட்டு, லாரி எடைமேடை வேலைக்கு மாறிக்கொண்டான். ஆனால் காலனிக்கு வரும் டெலிபோன் லைன் இன்றைக்கும் அந்த மில்லின் பின்சுவரை ஒட்டித்தான் வருகிறது.

மோடத்திலிருந்து ஒரு வாசம் வந்தது. பிளாஸ்டிக் கருகும் வாசமாக இருந்திருந்தால் எழுந்து போய் சுவிட்சை அணைத்திருப்பான். இது ஈரச் சாக்கு கருகும் வாசம். கேட்சர்கள் கையிலும் முழங்காலிலும் சுற்றிக் கட்டும் நனைந்த சாக்கு, வெக்கையில் காய்ந்து, ஓரத்தில் பொசுங்க ஆரம்பிக்கும்போது வருமே, அது. அதற்குப் பின்னால், லேசாக, இரும்புச் செதில் உதிரும் வாசமும்.

"நைனா," உள் அறையிலிருந்து கிறிஸ்டினா கூப்பிட்டாள். கொசுவுக்காகக் கதவைச் சாத்திக்கொண்டிருந்தாள். "நெட்டு வரல. உன் பேர்ல ஏற்கனவே ஒருத்தர் உள்ள கீறாருன்னு காட்டுது."

"யாரு?"

"எனக்கு இன்னா தெரியும்? ஃபயாஸண்ணன கேளு."

செல்லில் ஃபயாஸ் சிரித்தான். "காலையிலதான சொன்னேன், லைட்டு எரியாதுன்னு."

"எரியுதுடா. சிவப்பா எரியுது."

சிரிப்பு நின்றது. "அதுல சிவப்பு லைட்டே கெடையாதே ண்ணா."

"உள்ள யாரோ கீறான்னு பொண்ணு சொல்லுது."

"உங்க லைன்ல உங்க பேர சொல்லிக்கினு வேற எவன் வருவான்? மோடம் ஆள் பாக்காது ண்ணா, எவன் வந்தாலும் வாங்கி உள்ள உட்டுடும். நீங்க மொதல்ல கரண்ட்ட புடுங்குங்க. நான் வந்துகினே கீறேன்."

ஸ்டீவன் பிளக்கைப் பிடுங்கினான். மூன்று பச்சையும் அணைந்தன. சிவப்பு அணையவில்லை.

பிடுங்கிய பிளக்கைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். மழைச் சத்தம் எங்கோ தூரத்துக்குப் போய்விட்டது. டெலிபோன் ரிசீவருக்குள் யாரோ கரண்டியால் சுரண்டுவது போல ஒரு சத்தம். தயங்கித் தயங்கி எடுத்துக் காதில் வைத்தான். டயல் டோன் இல்லை. உருளை ஓடியது. மோட்டாரின் அடித்தொண்டை உறுமல், காய்ந்த இரும்பில் தண்ணீர் விழும் சுர்ர்ர், குறடுகள் தரையில் உரசும் கறகற. எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு மூச்சு. ஓட்டை விழுந்த உடம்பிலிருந்து வருவது போல, இழுக்கும்போதே ஒழுகிப் போகும் மூச்சு.

ரிசீவரைக் கீழே விட்டான். அது ஒயரில் தொங்கி ஆடியது.

லைனைப் பிடுங்க வேண்டும். ஜன்னலுக்கு மேலே, சுவரில் போட்ட சின்ன ஓட்டை வழியாகத்தான் ஒயர் உள்ளே வந்தது. கை வைத்தான். சுட்டது. தொளதொளவென்று தொங்கிய ஒயர் இப்போது இழுத்துக் கட்டிய கம்பியாக விறைத்திருந்தது. அதன் தோல் உருகிச் சொட்டுச் சொட்டாக ஸ்டூலில் விழுந்தது. ஓட்டையைச் சுற்றிச் சுண்ணாம்பு வெடித்தது.

தொங்கிய ரிசீவருக்குள்ளிருந்து சடையப்பன் கத்தினான்.

"வருது!"

மில்லில் அது வழக்கம். ஒரு பக்கத்துக்காரன் "வருது" என்று கத்த வேண்டும். எதிர்ப்பக்கத்துக்காரன் "உடு" என்று சொல்லும்வரை கம்பியை நுழைக்கக் கூடாது. அந்த இரைச்சலில், அந்த ஆவியில், கண்ணை நம்பினால் ஆள் காலி. குரலைத்தான் நம்புவார்கள். பதில் மூளையிலிருந்து வராது. முழங்கால் மடங்கும், கை முன்னால் போகும், வாய் தானாகத் திறக்கும்.

"உடு!" என்றான் ஸ்டீவன்.

சொன்ன பிறகுதான் வாயைப் பொத்தினான்.

சுவர் பிளந்தது. ஓட்டை விரிந்து, செங்கல் தூள் பறந்து, கட்டைவிரல் கனத்தில் ஒரு மூக்கு எட்டிப் பார்த்தது. சிவப்பு. ஹால் முழுக்கச் சிவப்பு. கம்பி கீழே வளைந்து மோடத்தைத் துளைத்தது. மறுபக்கம் வெளியே வந்தது. அங்கிருந்து தரையோரமாகப் போகும் நீல கேபிளைப் பிடித்துக்கொண்டு ஓடியது. அந்த கேபிள் போய்ச் சேரும் இடம் உள் அறை. கிறிஸ்டினாவின் மேஜை.

"பாப்பா! கதவ தொறக்காத!"

குறடு இல்லை. சாக்கு இல்லை. பாய்ந்து வெறுங்கையால் பிடித்தான்.

சத்தம்தான் முதலில் வந்தது. எண்ணெயில் கறி விழும் சத்தம். பிறகு வலி. உள்ளங்கைத் தோல் கம்பியோடு ஒட்டிக்கொண்டு உரிந்து போனது. கொழுப்பு உருகி முழங்கை வரை வழிந்தது. பல்லைக் கடித்தான், ஒரு பல் உடைந்தது. விடவில்லை. இரண்டு காலையும் தரையில் ஊன்றித் தன் கனத்தையெல்லாம் அதன் மேல் போட்டான். பின்னாலிருந்து மோட்டார் தள்ளியது. பாதம் மொசைக்கில் வழுக்கியது. ஒரு சாண். இன்னொரு சாண். விரல்கள் ஒவ்வொன்றாக உணர்ச்சியற்றுப் போயின. எலும்பு தெரிந்தது. எலும்பால் பிடித்தான்.

கம்பியின் மூக்கு கதவைத் தொட்டது. பெயிண்ட் பொங்கியது. மரம் புகைந்தது.

"தொறக்காதம்மா... தொறக்காத..."

தாழ்ப்பாள் நகர்ந்தது.

கதவு திறந்தது. கிறிஸ்டினா நின்றாள். மஸ்கட் மாப்பிள்ளைக்காகப் போட்ட புது ரோஸ் சுடிதார். தலையில் கனகாம்பரம். கால்களை அகட்டி வைத்திருந்தாள். முழங்கால் பாதி மடங்கியிருந்தது. இரண்டு கையும் முன்னால் நீண்டிருந்தன. உள்ளங்கைகள் விரிந்திருந்தன. அப்பனின் முகத்தைப் பார்க்கவில்லை. கம்பியின் மூக்கை மட்டும் பார்த்தாள். அவளுக்கு அந்த நிற்பை யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை.

அவள் வாய் திறந்தது. உள்ளே ஒழுகும் மூச்சு கேட்டது.

"புடிச்சது போதும் ஸ்டீவா," என்றது சடையப்பனின் குரல். "இந்தப் பக்கம் உடு."

அவன் விடவில்லை. தலையை ஆட்டினான். அழுதான். கம்பி அவனோடு சேர்ந்து இன்னொரு சாண் நகர்ந்தது. அவள் வயிற்றுக்கு நேராக.

பின்னால், ஹால் சுவரில், இரண்டாவது ஓட்டை வெடித்தது. அடுத்த கம்பியின் வெக்கை அவன் சட்டையைப் பொசுக்கி முதுகெலும்பைத் தொட்டது. அவனைத் துளைக்காமல் தாண்டிப் போக அதற்கு வழி இல்லை.

எதிரே மகள், விரித்த கைகளோடு, சிமிட்டாத கண்களோடு, காத்துக்கொண்டு நின்றாள்.