வளைவுக்கு வளைவு ஒரு பதில்

ஏழு மணி நேரப் பயணம். அவள் மடியில் குளிர்பெட்டி, அதற்குள் நான்கு பை ரத்தம். மலைமேல் ஆஸ்பத்திரியில் அக்காவுக்குப் பிரசவமாகி, ரத்தப்போக்கு நிற்கவில்லை என்று விடியற்காலையில் தகவல் வந்திருந்தது. அவள் ரத்த வங்கி லேப்பில் வேலை பார்ப்பவள். பைகளைத் தானே எடுத்துக்கொண்டு, கிடைத்த வேனில் ஏறிவிட்டாள். முன்னால் ஓட்டுநர். நடு சீட்டில் அவள். பின் சீட்டு காலி.

முதல் கணவாய் வரை ஓட்டுநர் வாய் ஓயவில்லை.

"பெட்டியைக் கீழ வைங்க லேப்பம்மா. பச்சப் புள்ளையா அது?"

"குலுங்கக் கூடாதுண்ணா."

"அதை ரோட்டுகிட்ட சொல்லுங்க."

பிறகு மூடுபனி இறங்கியது. அவர் பேச்சும் நின்றது.

கொண்டை ஊசி வளைவு. ஹாரன் அலறியது. மறுபுறமிருந்து இன்னொரு ஹாரன் பதில் சொன்னது. அவர் வேனைப் பாறையோரம் ஒதுக்கிக் காத்திருந்தார்.

எந்த வண்டியும் வரவில்லை.

அடுத்த வளைவிலும் அப்படித்தான். அதற்கடுத்ததிலும்.

"ஏறுற வண்டிக்குத்தானேண்ணா முதல் வழி? எதுக்குப் பம்முறீங்க?"

கண்ணாடியில் தெரிந்த அவர் கண்கள் அவளைத் தாண்டிப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தன.

ஈர மண் வாசனை. அவள் பிடரியில் குளிர்ந்த காற்று. ஜன்னல்கள் எல்லாம் மூடித்தான் இருந்தன.

பெட்டியின் வெப்பமானி எட்டு டிகிரி காட்டியது. பத்தைத் தாண்டினால் ரத்தத்தைக் கொட்டிவிட வேண்டியதுதான்.

"இனிமே நிக்காதீங்க. அக்கா செத்துருவாண்ணா."

அவர் நிறுத்தவில்லை. ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் அவள் காதோரம் அலறியது. ஒவ்வொரு முறையும் பதில் இன்னும் கிட்டத்தில் கேட்டது.

எதிரே வெறும் சாலை.

ஒன்பது டிகிரியில் போய்ச் சேர்ந்தார்கள். அக்காவுக்கு ரத்தம் ஏறத் தொடங்கியது. சிறிது நேரத்தில் டாக்டர் வெளியே வந்தார்.

"இப்போதைக்குத் தாங்கும். ஆனா உடனே கீழ பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும். எங்ககிட்ட ஆம்புலன்ஸ் இல்ல. உங்க வேன்தான்."

அவள் வெளியே ஓடினாள். ஓட்டுநர் வேனைவிட்டு வெகுதூரம் தள்ளி, சாவியை இறுக்கிப் பிடித்தபடி நின்றிருந்தார்.

"பின் சீட்டை மடக்குங்கண்ணா. அக்காவைப் படுக்க வைக்கணும்."

"பின்னாடி வேணாம்மா."

"வேற எங்க படுக்க வைக்கிறது? சீக்கிரம்ணா!"

பூட்டிய வேனுக்குள் ஹாரன் ஒலித்தது.

பனிக்குள்ளிருந்து பதில் வந்தது. மிக அருகில்.

ஸ்ட்ரெச்சர் சக்கரங்கள் வாசல் வரை வந்துவிட்டன. ஓட்டுநர் அவள் பக்கம் குனிந்தார்.

"நேத்தே ஹாரனைக் கழட்டி மெக்கானிக்கிட்ட குடுத்துட்டேன், லேப்பம்மா. வழி முழுக்க நான் ஒரு தடவைகூட அடிக்கல."