வெயிலில் போடாத தலையணை உறை

"இது என்ன கலர்னு நீங்களே சொல்லுங்க!"

ஜீப்பிலிருந்து அவள் இன்னும் ஒரு காலைக்கூடக் கீழே வைக்கவில்லை. அதற்குள் முகத்துக்கு நேரே ஒரு படுக்கை விரிப்பு வந்து நின்றது. ஈரம் சொட்டச் சொட்ட... பச்சை! சாதாரணப் பச்சையா அது? கிளி பார்த்தால் வெட்கப்பட்டுப் பறந்துவிடும், அப்படியொரு பச்சை.

விரிப்புக்கு மேலே இரண்டு கண்கள் மட்டும் தெரிந்தன. நல்ல கோபத்தில்தான் இருந்தன. கோபப்படுகிற கண்ணுக்கு இவ்வளவு நீள இமை எதற்கு என்று அவளுக்கு அந்த நேரத்திலும் தோன்றித் தொலைத்தது.

அடுத்த நொடி வாய்விட்டுச் சிரித்துவிட்டாள்.

"சிரிக்கிறீங்களா? ஆஸ்பத்திரித் துணிங்க இது! விடியக்காலையில போட்ட மொத்த லோடும் இப்படித்தான் வந்திருக்கு. சாயங்காலம் வெள்ளையா திருப்பிக் குடுக்கணும். 'தண்ணி பச்சையா வந்தா பயப்படாதீங்க, இந்த நம்பருக்குக் கூப்பிடுங்க'ன்னு நோட்டீஸ் ஒட்டுனது நீங்கதானே?"

"நானேதான். ஆனா நான் ஒட்டுனது மலைக்கு அந்தப் பக்கம். நீங்க இந்தப் பக்கம் இருக்கீங்களே!"

"அந்தப் பக்கம் துணி குடுக்கப் போனப்போ படிச்சேன். படிக்கத் தெரியும் எனக்கு."

"அப்போ உங்களுக்கு ஒரு பெரிய நன்றி, சார்" என்றாள் அவள். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. பாவம், எப்படிப் புரியும்?

விஷயம் இதுதான். அவள் நிலத்தடி நீர் ஆய்வாளர். எதிரே நிற்கிற மலை முழுக்கச் சுண்ணாம்புக் கல். உள்ளே எத்தனை வெடிப்பு, எத்தனை பொந்து என்று மேலே நின்று யாராலும் சொல்ல முடியாது. மலைக்கு அந்தப் பக்கம் ஒரு பழைய கல்குவாரிக் குழி சும்மா கிடந்தது. நகரத்துக் குப்பையையெல்லாம் அதில் கொட்டலாமா என்று நகராட்சி யோசித்துக்கொண்டிருந்தது. கொட்டினால் அந்த அழுக்கு மழையில் கரைந்து, கல்லுக்குள் இறங்கி, எங்கே போய் வெளியே வரும்? அதைக் கண்டுபிடிக்கத்தான் குழியின் அடியிலிருந்த வெடிப்பில் அவள் சாயம் ஊற்றியிருந்தாள். அந்தப் பக்கத்து ஆற்றில்தான் அது வர வேண்டும். வரைபடம் அப்படித்தான் சொன்னது. மலைமுகடுதான் எல்லை, அந்தப் பக்கத்துத் தண்ணீர் இந்தப் பக்கம் வரவே வராது என்று அடித்துச் சொன்ன வரைபடம் அது. அதை வரைந்தவர் வேறு யாருமில்லை... அவளுடைய அப்பா. ஓய்வுபெற்ற தலைமைப் புவியியலாளர். தப்பே செய்யாத மனிதர் என்று ஊரே சொல்லும், அவரும் மறுத்ததில்லை.

ஆற்றோரம் முழுக்க அவள் வெளிச்சம் புகாத பழுப்பு நிற பாட்டில்களை வைத்துக்கொண்டு கொக்கு மாதிரி காத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. நேற்று கொட்டித் தீர்த்த மழைக்குப் பிறகு வந்தது என்னவோ இவனுடைய போன் கால்தான்.

"துணி துவைக்கத் தண்ணி எங்கிருந்து எடுக்கிறீங்க?"

"எங்க ஊத்துலேர்ந்துதான். வாங்க, காட்டறேன்."

லாண்டரிக்குப் பின்னால், பாறையின் காலடியிலிருந்து தண்ணீர் குபுகுபுவென்று வந்து தொட்டியில் விழுந்துகொண்டிருந்தது. தொட்டி முழுக்கப் பச்சை. அவள் அப்படியே மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டாள். மனசு கிடந்து துள்ளியது. அந்தக் குழியின் தண்ணீர் மலையையே குடைந்துகொண்டு இங்கே வருகிறது... அப்பா, உங்க வரைபடம் தப்பு!

"இதை யாராவது குடிக்கிறாங்களா?"

"நாங்க எல்லாருமே குடிக்கிறோம். சுத்தி இருக்கிற வீடுங்க மொத்தமும் இதைத்தான் குடிக்குது" என்றவனின் கோபம் சட்டென்று இறங்கி, முகம் வெளுத்தது. "ஏங்க... ஏதாவது ஆயிடுமா?"

"சாயத்தால ஒண்ணும் ஆகாது, பயப்படாதீங்க. ஆனா நாளைக்கு அந்தக் குழியில குப்பை விழுந்தா, இங்க வரப்போறது சாயம் இல்லை."

அவன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டான். பிறகு, "என்ன வேணும் உங்களுக்கு? சொல்லுங்க" என்றான்.

பாட்டில் வேண்டும். கொண்டுவந்த பழுப்பு பாட்டில்களெல்லாம் ஆற்றோரம் நின்றன. அவன் அலமாரியிலிருந்து நல்ல கண்ணாடி பாட்டில்களை எடுத்து, கொதிநீரில் கழுவிக் கொடுத்தான். அவள் ஊற்று நீரைப் பிடித்து, நேரம் எழுதி ஒட்டி, தொட்டிச் சுவரில் வரிசையாக வைத்தாள். உடனே இருட்டில் வைக்க வேண்டும், ஜீப்பிலிருந்து பெட்டியை எடுத்து வரலாம் என்று எழுந்தாள்.

"அதெல்லாம் சரி, என் துணிக்கு வழி சொல்லுங்க, மேடம்!"

"ரொம்ப சுலபம். நல்லா அலசி வெயில்ல போடுங்க. இந்தச் சாயத்துக்கு வெயில் ஆகாது. சாயங்காலத்துக்குள்ள ஓடியே போயிடும்."

"போகலைன்னா?"

"நானே உட்கார்ந்து துவைச்சுத் தரேன்."

"எழுதித் தருவீங்களா?"

"எழுதறது எதுக்கு? கூடவே நின்னு காயப்போடறேன். வாங்க, கொடி எங்க?"

அவ்வளவுதான்! பெட்டியும் மறந்தது, பாட்டிலும் மறந்தது.

லாண்டரிக் கொட்டகைக்குப் பக்கத்து மைதானம் முழுக்கக் கொடி கட்டியிருந்தார்கள். ஈர விரிப்பின் ஒரு முனையை அவள் பிடிக்க, மறுமுனையை அவன் பிடிக்க, உதறும்போதெல்லாம் சாரல் இருவர் முகத்திலும் தெறித்தது. நடுவில் துணி தாழும்போது கண்கள் சந்திக்கும்... ஏறும்போது மறையும்... அட, இந்தத் துணி இன்னும் கொஞ்ச நேரம் தாழ்ந்தே இருந்தால்தான் என்ன?

"தண்ணி டாக்டருக்குத் துணி உதறவும் தெரியுமா?" என்றான் அவன்.

"தண்ணி டாக்டரா! நல்ல பேருதான் வெச்சீங்க, போங்க. வேற யாராவது கேட்டா என்னைப்பத்தி என்ன நினைப்பாங்க?"

"அப்போ நான் மட்டும் கூப்பிடறேன்."

அவளுக்குக் காது மடல் சூடானது. இஸ்திரி மேஜையிலிருந்து அவனுடைய அக்கா எட்டிப் பார்த்தாள். "தம்பி, கிளிப்பைத் துணியில மாட்டுடா! அவங்க தலையில மாட்டிடப் போற!"

சாயங்காலம் மைதானம் முழுக்க வெள்ளை வெளேரென்று ஆடியது. அவன் ஒவ்வொரு விரிப்பாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "தோத்துட்டேன்" என்று கையைக் கூப்பினான். தோற்றவன் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை அவள் பார்த்ததே இல்லை.

சிரித்துக்கொண்டே போய் பாட்டில்களை எடுத்தவள் ஒவ்வொன்றாகத் தூக்கித் தூக்கிப் பார்த்தாள்.

நாள் முழுக்க சுள்ளென்ற வெயிலில் நின்றிருந்தன பாட்டில்கள். ஒன்றில்கூடப் பச்சை இல்லை. எந்த வெயில் அவன் துணியைக் காப்பாற்றியதோ, அதே வெயில் அவளுடைய சாட்சியைத் துடைத்து வைத்திருந்தது. பதறிப்போய்த் தொட்டியைப் பார்த்தாள். சாயம் மொத்தமும் மழைத் தண்ணீரோடு அடித்துக்கொண்டு போய், ஊற்று தெளிந்து ஓடிக்கொண்டிருந்தது. அவனிடம் ஒன்றும் சொல்லாமல் ஜீப்பில் ஏறிப் போய்விட்டாள்.

இரண்டு நாள் கழித்து, வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் அப்பா ஆய்வக முடிவை மூக்குக்கண்ணாடியை ஏற்றிப் படித்தார். "ஒண்ணுமே இல்லையேம்மா."

"போன்ல போட்டோ இருக்குப்பா. நல்ல பச்சை."

"போட்டோவை மெஷின்ல ஊத்தி அளக்க முடியுமா? பச்சையா பாசிகூடத்தான் இருக்கும்." கண்ணாடியைக் கழற்றினார். "பாட்டில் வெயில்ல நின்னப்போ நீ எங்க இருந்த?"

அவள் தட்டைப் பார்த்தாள். முதல்நாள் வேலைக்கு வந்தவள்கூடச் செய்யாத தப்பு. யாரோ ஒருவனோடு கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்தேன் என்று இவரிடம் எப்படிச் சொல்வது? நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

"பதில் இல்லைன்னா என் வரைபடம்தான் நிக்கும். திங்கட்கிழமை நகராட்சிக் கூட்டத்துல நான் அதைத்தான் சொல்லப்போறேன்" என்று அவர் எழுந்து கை கழுவப் போனார்.

மறுபடி சாயம் ஊற்றினாலும் பெரிய மழைக்காகக் காத்திருக்க வேண்டும். திங்கட்கிழமை காத்திருக்காது. அந்த ஆத்திரத்தில், அவன் போன் செய்தபோது பொரிந்து தள்ளிவிட்டாள்.

"பாட்டில் எல்லாம் வெளுத்துப் போச்சு! உங்க துணி, உங்க துணின்னு பறந்தீங்களே... உங்க துணி பிழைச்சுது, உங்க ஊத்து போச்சு. இனிமே கூப்பிடாதீங்க!"

"இல்லை மேடம், நான் சொல்ல வந்தது..."

வைத்துவிட்டாள். அதற்கப்புறம் அவன் கூப்பிட்டபோதெல்லாம் போன் அடித்து அடித்து ஓய்ந்தது. தப்பு அவன்மேல் இல்லை என்று அவளுக்குத் தெரியாதா என்ன? தெரிந்ததால்தான் எடுக்க முகமில்லை.

திங்கட்கிழமை வானம் மூடிக்கொண்டு நின்றது. நகராட்சிக் கூடம் நிறைந்திருந்தது. அப்பா வரைபடத்தை விரித்து, கணீரென்று பேசி முடித்தார். பிறகு அவள் எழுந்தாள். குரல் கணீரென்றே வந்தது, அப்பாவின் மகளாயிற்றே.

"அந்தக் குழித் தண்ணி மலைக்குள்ள புகுந்து இந்தப் பக்கத்து ஊத்துக்கு வருது. நான் கண்ணால பார்த்தேன். மாதிரியைப் பாதுகாக்காம விட்டது என் தப்பு. அந்தத் தப்புக்கு அங்க இருக்கிறவங்க தண்ணியைத் தண்டனையா குடுத்துடாதீங்க."

"சாட்சி இல்லாம நாங்க என்னம்மா பண்றது?" என்றார் நகராட்சித் தலைவர்.

"சாட்சி இருக்குங்க!"

கடைசி வரிசையில் அவன்! பக்கத்தில் அக்கா. கறுப்புத் துணியில் சுற்றிய எதையோ நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தான். அவள் பக்கம் திரும்பவே இல்லை. அப்பாவின் முன்னால் வைத்துப் பிரித்தான்.

ஒரு தலையணை உறை. கிளிப் பச்சை.

"அன்னைக்கு அதே லோடுல வந்தது சார். ஆஸ்பத்திரி முத்திரையும் தேதியும் ஓரத்துல இருக்கு."

அப்பா உறையைக் கையில் எடுத்தார். எதிரிலிருந்த தண்ணீர் கிளாஸில் உறையின் ஒரு மூலையை மெதுவாக நனைத்தார். மெல்லிய பச்சை இழை ஒன்று கிளம்பி, நெளிந்து நெளிந்து கிளாஸ் முழுக்கப் பரவியது. திரையை இழுத்து மூடச் சொன்னார். மகளின் பையிலிருந்து புற ஊதா விளக்கை எடுத்து அடித்ததும் கிளாஸ் பளீரென்று பச்சையாக எரிந்தது. கூடமே 'ஆ' என்றது.

"சோப்புத்தூளும் மின்னுமே சார்?" என்றார் தலைவர்.

"சோப்பு நீலமா மின்னும். இது நம்ம சாயம்தான்." விளக்கை அணைத்தார். அவர் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. ஆனாலும் அவர் விடுகிற ஆளா? "ஒரு கேள்வி, தம்பி. எல்லாத் துணியையும் வெயில்ல போட்டிருப்பீங்க. இதை மட்டும் ஏன் இருட்டுல வெச்சீங்க? காரணம் தெரியாம இதை நான் ஏத்துக்க முடியாது."

அவன் முகம் சிவந்தது. காலை மாற்றி மாற்றி நின்றான்.

"சொல்லித் தொலைடா!" என்றாள் அக்கா, பின்னாலிருந்து.

"அது... சார்... சாயங்காலம் எல்லாமே வெள்ளையாயிடுச்சு. மேடமும் கிளம்பிட்டாங்க. கூடைக்கு அடியில இது ஒண்ணுதான் ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. இதையும் வெயில்ல போட்டா..." எச்சிலை விழுங்கினான். "அவங்க வந்துட்டுப் போனதுக்கு ஒரு அடையாளமே இல்லாம போயிடுமேன்னு தோணுச்சு. அதான் பீரோவுல மடிச்சு வெச்சேன். வெளிச்சமே படாம பார்த்துக்கிட்டேன். ஆஸ்பத்திரிக்குப் புதுசா ஒண்ணு வாங்கிக் குடுத்துட்டேன்."

"அதான் ஒரு உறை மட்டும் புது வாசனை அடிச்சுதா!" என்றார் கூட்டத்திலிருந்த தலைமை நர்ஸ். கூடம் கொல்லென்று சிரித்தது.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது. இதைச் சொல்லத்தானா போன் போன் என்று அடித்தான்? எடுக்காமல் விட்டேனே, எனக்கென்ன அவ்வளவு கொழுப்பு...

அப்பா எழுந்து நின்றார். தன் வரைபடத்தை எடுத்தார். பேனாவால் மலைமுகட்டின் மேல் ஒரு கோடு இழுத்தார், குழியிலிருந்து ஊற்று வரைக்கும். "என் வரைபடம் தப்பு. அந்தக் குழியில ஒரு கூடை குப்பைகூட விழக்கூடாது. இதை என் பேர்லயே எழுதிக்கோங்க."

கைதட்டலில் கூடம் அதிர்ந்தது. அது அடங்கும்வரை காத்திருந்துவிட்டு, மகளைத் திரும்பிப் பார்த்தார். "நான் கேட்ட ஒரு கேள்விக்கு மட்டும் இன்னும் பதில் வரலை. பாட்டில் வெயில்ல நின்னப்போ நீ எங்கம்மா இருந்த?"

அத்தனை பேர் எதிரில்! அவள் மைக்கை எடுத்தாள்.

"இவரோட இருந்தேன்பா. கொடியில துணி போட்டுக்கிட்டு இருந்தேன். பாட்டில்னு ஒண்ணு இருக்கிறதே ஞாபகம் வரலை... ஏன்னா எனக்கு இவரைப் பிடிச்சிருக்கு. பார்த்த நிமிஷத்துலேர்ந்து பிடிச்சிருக்கு. இதையும் எழுதிக்கோங்க."

நிமிர்ந்து பார்த்தான் அவன். அந்த நீள இமைகள் படபடவென்று அடித்துக்கொண்டன. ஏதோ சொல்ல வாயைத் திறந்தான்... அந்த நேரம் பார்த்துத்தானா வெளியே 'சோ'வென்று பிடித்துக்கொள்ள வேண்டும்?

"ஐயோ, மழை!" என்றான். "கொடியில மொத்தத் துணியும் கிடக்கு, தண்ணி டாக்டர்!"

"பார்த்துக்கிட்டே நிக்கிறீங்களே? ஜீப் வாசல்ல இருக்கு, ஓடுங்க!" அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அவள் மழைக்குள் ஓடினாள்.