ஃபீஸ் கட்டாத பறவை

போன் அலறியது.

திங்கட்கிழமை. மதியம் மூன்றரை. பிள்ளைகள் பயிற்சிக்கு வர இன்னும் அரை மணி நேரம் இருந்தது. அமரில்லோவின் 'ப்ரெய்ரி ஃபயர்' சியர்லீடிங் ஜிம்மில், கண்ணாடி அறைக்குள் பர்கரைக் கடித்துக்கொண்டிருந்த ராண்டல் கீச் போனை எடுத்தான்.

முதலில் மூச்சு மட்டும் கேட்டது.

பிறகு ஒரு குரல். மெஷினில் போட்டு நசுக்கிய குரல். ஆணா... பெண்ணா... தெரியவில்லை.

"அஞ்சு... ஆறு... ஏழு... எட்டு..."

அடுத்து, தொப்பென்று ஒரு சத்தம்.

லைன் கட்!

அவன் பர்கரைக் கீழே வைத்தான்.

அந்தச் சத்தம் கீச்சுக்குத் தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன்னால், இதே ஜிம்மில், இதே நீல மெத்தையில், எட்டு எண்ணி முடித்ததும் வின் ப்ரூயிட் தலைகுப்புற வந்து விழுந்த சத்தம்!

அப்போது வின்னுக்குப் பதினெட்டு வயது. கீழே நாலு பேர் நின்று தூக்கி எறிந்தால், காற்றில் இரண்டு சுற்றுச் சுற்றிச் சிரித்துக்கொண்டே இறங்குவாள். அப்படி ஒரு ஃப்ளையர் டெக்ஸாஸில் இல்லை. அம்மாவுக்கு மாட்டிறைச்சி ஃபேக்டரியில் வேலை. ஃபீஸ் கட்ட வழியில்லை. 'திறமைக்கு நான் காசு வாங்க மாட்டேன்' என்று மொத்த ஃபீஸையும் தள்ளுபடி செய்தான் கீச். உள்ளூர்ப் பேப்பரில் போட்டோ கூட வந்தது.

பேப்பரில் வராதது ஒன்று உண்டு.

விழுவதற்கு மூன்று நாள் முன்பே வின்னுக்குத் தலையில் அடி. டாக்டரிடம் கூட்டிப்போனவன் கீச்தான். பத்து நாள் மேலே ஏற்றக் கூடாது என்றார் டாக்டர். மறுநாள் ஜிம் ஃபைலில் ஏறியது, 'ஏறலாம்' என்று டாக்டர் கையெழுத்துப் போட்ட காகிதம்.

கையெழுத்து... கீச்சுடையது.

விழுந்ததில் வின்னுக்கு இடது கால் விளங்காமல் போனது. அந்த வாரத்து ஞாபகமும் சுத்தமாகப் போனது. கீச் பெரிய மனசு பண்ணி, ஜிம்மிலேயே பாட்டு மிக்ஸ் போடும் வேலை கொடுத்தான். ஊரே அவனைக் கும்பிட்டது.

அவன் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தான்.

கைத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு, காதில் ஹெட்போனோடு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள் வின். திரையில் யாருடைய குரலோ வரிவரியாக நெளிந்துகொண்டிருந்தது.

"என்னம்மா பண்றே?"

"சனிக்கிழமை போட்டிக்கு மிக்ஸ், கோச். எட்டு எண்ணுற இடத்துல சத்தம் பத்தல. கொஞ்சம் ஏத்தறேன்."

கீச் கண்ணாடியிலிருந்து நகர்ந்தான்.

ஞாபகம் வந்துவிட்டதா இவளுக்கு?

செவ்வாய்க்கிழமை இன்னொரு இடி.

வின்னின் தங்கை ஷெல்பி. பதினைந்து வயது. இப்போதைய ஃப்ளையர் அவள்தான். அவளுக்கும் ஃபீஸ் தள்ளுபடி. இறங்கும்போது கீழே நின்றவளின் முழங்கை அவள் நெற்றிப்பொட்டில் மோத, எழுந்தவள் இரண்டடி நடந்து வாந்தி எடுத்தாள். கீச் அவளை கிளினிக்குக் கூட்டிப்போனான். அதே பத்து நாள் கதையைத்தான் இந்த டாக்டரும் சொன்னார்.

திரும்பி வரும்போது காரில் கீச் மெதுவாகத்தான் பேசினான்.

"தள்ளுபடிப் பத்திரத்துல உங்கம்மா போட்ட கையெழுத்து ஞாபகம் இருக்கா, கண்ணு? நீ ஏறலேன்னா தள்ளுபடி ரத்து. மூணு வருஷ ஃபீஸ் மொத்தமும் கட்டணும். அக்கா வேலையும் போயிடும்."

ஷெல்பி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அக்காகிட்ட சொல்லாதீங்க, கோச். நான் ஏறறேன்."

அன்றைக்கே ஃபைலில் இன்னொரு காகிதம் ஏறியது.

புதன்கிழமை, அம்மாக்கள் சங்கத் தலைவி டார்லா ஸ்டபிள்ஃபீல்ட் கதவைத் தட்டாமல் உள்ளே வந்தாள். அவள் மகள் ஹேட்லி கீழே நின்று தாங்குகிறவள். வின் விழுந்த அன்றைக்கும் கீழே நின்றவள் அவள்தான். டார்லாவின் வாய்க்கு ஜிம்மே நடுங்கும்.

"ஒரு நியாயம் சொல்லுங்க, கோச். நாங்க முழுசா கட்டறோம். அந்தப் பொண்ணுக்கு மட்டும் ஓசியா? அவ பாக்கியும் எங்க தலையிலதானே விழுது? திறமைன்னா என் பொண்ணுக்கு இல்லையா?"

கத்திக்கொண்டே கைப்பையை மேஜை மேல் பொத்தென்று வைத்தாள். சனிக்கிழமைக்குள் இதற்குப் பதில் வராவிட்டால் சங்கத்திலுள்ள பன்னிரண்டு அம்மாக்களும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வேறு ஜிம்முக்குப் போய்விடுவோம் என்றாள். கீச் பதறி எழுந்தான். அவளை உட்கார வைத்துக் காபி கொடுத்தான். குரலைத் தாழ்த்தினான். நம்பிக்கையான ஆளிடம் சொல்கிற மாதிரி நிறையச் சொன்னான்.

டார்லா மெல்லத் தணிந்தாள்.

"ஓ... அப்படியா சங்கதி? இது தெரியாம நான் வேற கத்திட்டேன்," என்று சிரித்துவிட்டே எழுந்துபோனாள்.

ஒரு தொல்லை ஒழிந்தது!

ஆனால் போன் ஒழியவில்லை. வியாழன் காலை... அஞ்சு, ஆறு, ஏழு, எட்டு, தொப். வியாழன் மாலை மறுபடியும். வெள்ளிக்கிழமை, டாலஸ் போகிற பஸ்ஸில் ஏறக் காலை வைத்தபோது, குரல் புதிதாக ஒன்று சொன்னது.

"சனிக்கிழமை... பாட்டைக் கேளு."

பஸ்ஸின் கடைசி சீட்டில், மடியில் லேப்டாப்போடு வின். அவனைப் பார்த்துப் புன்னகைத்தாள்.

கீச்சுக்கு உயிரே போய்விட்டது.

சனிக்கிழமை. டாலஸ் அரங்கம். ஐயாயிரம் பேர். கூந்தலில் ரிப்பன், கன்னத்தில் ஜிகினாவோடு இருபது பெண்கள் மேடைக்குப் பின்னால் வரிசையில் நின்றார்கள். ஷெல்பி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வெளிச்சம் கண்ணில் குத்துகிறது என்றாள். இரண்டரை நிமிஷம்தான், பல்லைக் கடித்துக்கொள் என்றான் கீச்.

வின் நொண்டிக்கொண்டே வந்து பென்டிரைவை நீட்டினாள்.

"ஃபைனல் மிக்ஸ், கோச்."

வாங்கினான். அவள் தலை மறைந்ததும் குப்பைத் தொட்டியில் போட்டான்.

என்னையா ஏமாற்றப் பார்க்கிறாய், நொண்டிப் பெண்ணே!

வீட்டில் பிள்ளைகள் பழக, அம்மாக்கள் சங்கத் தலைவியின் போனில் மிக்ஸின் காப்பி ஒன்று எப்போதும் இருக்கும். இரண்டு வாரத்துப் பழைய காப்பி. மிரட்டல் போன் வருவதற்கு முந்தையது. அதில் விஷம் இருக்க வாய்ப்பே இல்லை.

"டார்லா, உங்க போனைக் குடுங்க. அவசரம்."

"ஏன் கோச், இப்படி வேர்க்குது? இந்தாங்க. ப்ளே மட்டும் அழுத்தினா போதும்."

பாட்டு மேஜைக்காரர் போனை ஸ்பீக்கரில் சொருகினார்.

"ஏரோபிளேன் மோட்ல போட்டாச்சா? விதி தெரியுமில்ல? பாட்டை நீங்கதான் போடணும், நீங்கதான் நிறுத்தணும். போனை நான் தொட மாட்டேன், ஒயரை நீங்க தொடக் கூடாது."

இருபது பேரும் மெத்தையில் இடம் பிடித்தார்கள். அரங்கம் அடங்கியது.

கீச் அழுத்தினான்.

"அஞ்சு, ஆறு, ஏழு, எட்டு..."

வழக்கமான ஆரம்பம்தான். அப்பாடா!

அடுத்த நொடி, ஐயாயிரம் பேர் தலைக்கு மேல் அவன் குரலே இடித்தது.

"ஓசின்னு யார் சொன்னா, டார்லா? நீங்க காசு கட்டறீங்க. அவ உடம்பைக் கட்டறா. காசு கட்டற பிள்ளைக்குத் தலைவலின்னா வீட்டுக்குப் போவா. ஓசிப் பிள்ளை தலை உடைஞ்சாலும் ஏறுவா, வாயைத் திறக்க மாட்டா. அக்காவும் அப்படித்தான் ஏறினா. டாக்டர் காகிதமா? அதெல்லாம் நானே எழுதிக்குவேன்..."

கீச் பாய்ந்து போனை அமுக்கினான்.

திரை பூட்டியிருந்தது. ரகசிய எண் கேட்டது!

"நிறுத்துய்யா! ஒயரைப் பிடுங்கு!"

மேஜைக்காரர் ஒயருக்குக் குறுக்கே நின்று கையைக் கட்டிக்கொண்டார்.

"விதி, கோச்."

மெத்தையில் முதலில் அசைந்தவள் ஹேட்லி. ஒரு முழங்காலை ஊன்றி உட்கார்ந்தாள். களத்தில் ஒருத்திக்கு அடிபட்டால் மற்றவர்கள் எல்லோரும் அப்படி உட்காருவதுதான் வழக்கம். ஒவ்வொருத்தியாக... பத்தொன்பது பேரும் உட்கார்ந்தார்கள். நடுவில் ஷெல்பி மட்டும் நின்றாள். ஒரு கைத்தடி தட்டும் சத்தம். வின் மேடையேறி வந்து, தங்கையின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

ஒருவரும் அவளைத் தூக்கி எறியவில்லை.

பக்கவாட்டுக் கதவில் இரண்டு போலீஸ்காரர்கள் நின்றார்கள். அவர்களுக்கு முன்னால், கைப்பையை ஆட்டிக்கொண்டு டார்லா வந்தாள்.

கீச் ஓரடி பின்வாங்கினான்.

"நீங்களா? நான் வின்னுன்னு..."

"நீ அப்படி நினைக்கணும்னுதான் போன் போட்டேன். பாவம், அவளுக்கு ஒண்ணும் தெரியாது. குப்பைத் தொட்டியில போட்டியே, அது சுத்தமான மிக்ஸ். அதைப் போட்டிருந்தா இன்னைக்குத் தப்பிச்சிருப்பே."

"அந்த விழுந்த சத்தம்..."

"கண்ணாடிக்குப் பின்னால நின்னு நாங்க அம்மாக்கள் எல்லா நாளும் வீடியோ எடுக்கறோமே, எதுக்குன்னு நெனச்சே?"

"ஆனா உங்களுக்குத்தான் தள்ளுபடியே பிடிக்காதே! அந்தப் பொண்ணுங்களுக்காக நீங்க ஏன்..."

டார்லாவின் சிரிப்பு நின்றது.

"ஹேட்லி கைதான் வழுக்குச்சுன்னு எல்லார் முன்னாடியும் நீ சொன்னே. ரெண்டு வருஷமா என் பொண்ணு அந்தக் கையைத் தேய்ச்சுத் தேய்ச்சுக் கழுவறா, ராண்டல். ஒரு பொண்ணை முடமாக்கிட்டேன்னு தன்னையே திட்டிக்கிறா. ஆனா மேல போனவளுக்கு, தூக்கறப்பவே கண்ணு இருட்டியிருந்துது. வீடியோவுல பார்த்தா தெரியுது. அது உனக்கும் தெரியும்னு உன் வாயால வரணும். வாயைப் பிடுங்கத்தான் ஃபீஸ் சண்டை போட்டேன். கைப்பைக்குள்ள என் போன் எல்லாத்தையும் பதிவு பண்ணிட்டே இருந்துது."

கைவிலங்கு க்ளிக் என்றது.

கீச் முனகினான். "பாவி... இதுக்கெல்லாம் ஒரு நாள் நீ பதில் சொல்லணும்..."

டார்லா தன் போனை ஸ்பீக்கரிலிருந்து உருவிக் கைப்பைக்குள் போட்டாள்.

"மிக்ஸ் போட்ட கூலியை மட்டும் உன்கிட்ட கேக்க மாட்டேன், கோச். உன் திறமைக்காக... முழுத் தள்ளுபடி!"