திருப்பி அனுப்பிய பொய்மீன்

காலையில் கதவைத் திறந்தபோது பால் பாக்கெட்டுக்குப் பக்கத்தில் அந்தப் பொய்மீன் கிடந்தது. படியெல்லாம் காய்ந்திருந்தது. பொய்மீன் மட்டும் நனைந்திருந்தது. அதைச் சுற்றிக் கையகல ஈரம், அந்த ஈரத்திலிருந்து ஏரியின் அடிச்சேற்று வாடை.

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் குனிந்து பார்த்தார். அவர் செய்ததுதான், தூண்டிலில் கட்டிப் பெரிய மீனை ஏமாற்ற. விரல் நீள மரத்துண்டு, கரும்பச்சை முதுகு, வெள்ளி வயிறு, செவுளுக்குக் கீழே ஒரு சிவப்புத் தீற்றல். வால் பக்கம் அரிசியளவு வண்ணம் பெயர்ந்த இடம், மகள் கைதவறிக் கீழே போட்டதன் நினைவாக. எத்தனையோ பொய்மீன் செய்திருக்கிறார். இதை எங்கே பார்த்தாலும் அடையாளம் சொல்வார்.

எங்கேயும் பார்த்திருக்கக் கூடாத பொய்மீன் அது. போன வருஷம் ஏரியில் படகில் உட்கார்ந்து இதை வீசியபோது அடியில் எதிலோ மாட்டிக்கொண்டது. "நீங்க இழுத்தா அறுத்துடுவீங்க, குடுங்க இங்க" என்று மனைவி விளிம்பில் சாய்ந்து, தூண்டில் நரம்பைக் கையில் சுற்றிக்கொண்டாள். அன்று காலையில்தான் அதே பொய்மீனின் முள் அவள் கட்டைவிரலில் ஏறியிருந்தது. மகள் தன் பென்சில் டப்பாவிலிருந்து மஞ்சள் பிளாஸ்திரி ஒன்றைத் தேடி எடுத்து ஒட்டிவிட்டிருந்தாள். அந்த மஞ்சள் விரல் நரம்பை ஒருமுறை சுண்டியது. கீழேயிருந்து பதிலுக்கு ஒரு சுண்டல் வந்தது. படகு ஆடி அடங்கியபோது அவள் இருந்த இடத்தில் ஒற்றைச் செருப்பு இருந்தது.

முக்குளிப்பவர்கள் வந்தார்கள், தேடினார்கள், உதட்டைப் பிதுக்கினார்கள். அவளும் கிடைக்கவில்லை, பொய்மீனும் கிடைக்கவில்லை.

அன்றிலிருந்து அவருக்கு எதுவும் உறைப்பதில்லை. காபி சுட்டாலும் தெரியாது, ஆறினாலும் தெரியாது. ஆட்கள் பேசுவது தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்பது போலிருக்கும். வியாபாரம் மட்டும் நடந்தது. கண்ணாடி விற்கப் பொய் சொல்ல வேண்டியதில்லை. முகத்துக்கு முன்னால் முகம் பார்க்கும் கண்ணாடியை நீட்டினால் போதும், மீதிப் பொய்யை வாடிக்கையாளரே தனக்குச் சொல்லிக்கொள்வார். மாலையில் பின்னறையில் உட்கார்ந்து மரம் செதுக்குவார். தூண்டில் போடப் போவதில்லை. செய்து செய்து ஜன்னல் கம்பியில் தொங்கவிடுவார். கை வேலை செய்யும். மனிதர் அங்கே இருக்க மாட்டார்.

பொய்மீனை எடுத்து மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு திருப்பிப் பார்த்தார். வால் பக்கத்துத் தழும்பை நகத்தால் நெருடினார். நகம் மாட்டவில்லை. வண்ணம் பெயர்ந்த பள்ளம் இல்லை அது. பெயர்ந்தது போன்ற நிறத்தில், வழவழவென்று, அப்படியே வளர்ந்திருந்தது. வயிற்றடி முட்கள் இரும்பாக இல்லை. நகம் போல லேசான மஞ்சளில், லேசாக வளைந்து கொடுத்தன.

"யாருப்பா?" உள்ளேயிருந்து மகள் கேட்டாள். வீட்டில் அவளுக்கு மிளகு என்று பேர். அளவும் காரமும் அப்படி.

"பால்காரன்டா."

"அம்மா இல்லையா?"

தினமும் கேட்பது. தினமும் இரவில் அவள் தூங்குமுன் வாசல் தாழ்ப்பாளை நீக்கிவிட்டுப் படுப்பாள். "அம்மாகிட்ட சாவி இல்லப்பா. வந்தா எப்படி உள்ள வருவா?" அவள் தூங்கியதும் அவர் எழுந்து தாழ்ப்பாளைப் போடுவார். அந்த வீட்டில் இரண்டு பேருக்குள் நடக்கும் ஒரே வாக்குவாதம் அது, அதையும் பேசாமலே நடத்தினார்கள்.

மச்சினன் ஏரிக்குப் போகும் தெருவில் துணிக்கடை வைத்திருந்தான். ஆயத்த ஆடை, மொத்தமும் சில்லறையும். அக்கா போனபிறகு தினமும் மத்தியானம் அவர் கடைக்கு வந்து உட்கார்ந்துவிடுவான். துக்கம் விசாரிக்கத் தெரியாது; ஊர்வம்பு பேசத் தெரியும்.

அன்று அவர் பொய்மீனை அவன் முன்னால் வைத்தார். எது என்று சொல்லவில்லை. "இதப் பாரு. நான் பண்ணதா, வேற எவனாவது பண்ணதா?"

அவன் எடுத்துப் பார்த்து, முகர்ந்து, முகத்தைச் சுளித்தான். "ஐயே! என்ன மாமா, சாக்கடையில ஊறப் போட்டியா?"

"சொல்லுடா."

"காப்பி அடிச்சிருக்கான். உன் சரக்கப் பாத்துத்தான் அடிச்சிருக்கான், ஆனா எது வேலை எது சேதாரம்னு தெரியாதவன்." அவனுக்குக் குஷி வந்துவிட்டது. "நம்ம சட்டை ஒண்ணு நல்லா ஓடுச்சே, ஞாபகம் இருக்கா? ஒருத்தன் அதுல ஒரு பீஸ வாங்கிப் பிரிச்சு அப்படியே தைக்கச் சொல்லிக் குடுத்தான். அந்த பீஸ்ல காலர்கிட்ட குழம்புக் கறை. தையக்காரன் மகாராசன், மொத்தச் சட்டையிலயும் குழம்புக் கறைய நூல் போட்டுத் தச்சுக் குடுத்துட்டான்!"

அவன் சிரித்துத் தீர்த்தான். அவர் காத்திருந்தார்.

"அப்ப இத எதுக்கு என் வாசல்ல போடணும்?"

"வாசல்லயா? வேற எதுக்கு, சாம்பிள் காட்டுறான். இப்படிச் செய்ய எனக்குத் தெரியும், மேற்கொண்டு வேணுமான்னு கேக்குறான். பிடிக்கலன்னா குப்பையில போடு. பிடிச்சா குறைய எழுதித் திருப்பி அனுப்பு. அனுப்புனா ஆர்டர் ஊர்ஜிதம். அப்புறம் சரக்கு வந்து எறங்கும், வேணாம்னு சொல்ல முடியாது, பாத்துக்க." எழுந்தவன் நின்று அவர் முகத்தைப் பார்த்தான். "சாப்பிட்டியா மாமா?"

"ம்."

"புள்ள?"

"ம்."

"ரெண்டு பேரும் ராத்திரி நம்ம வீட்டுக்கு வந்துடுங்க. அக்கா இருந்தா உன்ன இப்படி விட்டிருப்பாளா?"

வருவதாகச் சொன்னார். போகவில்லை.

அன்று மாலை பின்னறையில் தண்ணீர்த் தொட்டி நிரம்பியிருந்தது. செய்யும் பொய்மீனையெல்லாம் அதில்தான் இழுத்துப் பார்ப்பார். இதையும் போட்டார், நரம்பு கட்டாமலே. அது மிதந்தது. பிறகு தொட்டியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குத் தானாக நீந்திப் போயிற்று.

பயந்திருக்க வேண்டும். பயம் எங்கே இருந்ததோ அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தார், மரத்துக் கிடந்தது. அவருக்குக் கண்ணில் பட்டது வேறு. நீச்சல் சரியில்லை.

ஆரோக்கியமான மீனைப் பெரிய மீன் துரத்தாது. பாடு அதிகம், பலன் குறைவு. நொண்டுகிற மீனைத்தான் துரத்தும். அதனால் நல்ல பொய்மீன் நொண்ட வேண்டும். இரண்டு இழுப்பு, ஒரு நிறுத்தம். அந்த நிறுத்தத்தில்தான் மீன் வந்து கவ்வும். இது நிற்காமல் போகிறது. கண்ணும் சின்னது. நிஜமீனின் கண் என்ன அளவோ அதே அளவில் வைத்திருக்கிறான், மடையன். பொய்க்கு எப்போதும் கண் ஒரு சுற்றுப் பெரிதாக வேண்டும். கவ்வ வருகிறவன் உடம்பைப் பார்ப்பதில்லை, கண்ணைத்தான் பார்க்கிறான்.

கை சும்மா இருக்கவில்லை. பழைய கண்ணை நோண்டி எடுத்தார். உள்ளே மரத்துக்குப் பதில் வெளுத்த சதை போல ஏதோ இருந்தது. துடைத்துவிட்டுப் பெரிய கண் பதித்தார். நீச்சலைத் திருப்பும் வாயடித் தகட்டை அரைநூல் அளவு வளைத்தார். தொட்டியில் விட்டார். இரண்டு இழுப்பு. நிறுத்தம். இரண்டு இழுப்பு. நிறுத்தம். அழகாக நொண்டிற்று.

மறுநாள் விடியலில் ஏரிக்கரைக்குப் போனார். மச்சினன் சொன்னது அத்தனையும் நினைவிருந்தது. குப்பையில் போட்டிருக்கலாம். கையிலிருந்த பொய்மீனைப் பார்த்து, தண்ணீரைப் பார்த்து, மொத்த வியாபாரியிடம் பேசும் அதே குரலில் சொன்னார்: "மாதிரி சரிதான். அவளையும் அங்கதான வெச்சிருக்க?"

வீசினார். அது தண்ணீரைத் தொடும் சத்தம் கேட்கவில்லை. யாரோ கையில் வாங்கிக்கொண்டது போல.

பிறகு நாட்கள் போயின. ஒன்றும் வரவில்லை. தெருவில் மட்டும் சேற்று வாடை சில மாலைகளில் வந்தது. பக்கத்து வீட்டம்மா சாக்கடையைத் திட்டினாள்.

ஒரு மாலை மழை வரும் போல இருட்டிக்கொண்டு வந்தது. அவர் கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டு வந்து, மகளுக்குத் தலைவாரிக்கொண்டிருந்தார். சீப்பு சிக்கில் மாட்டி நின்றது. தெருவின் வழக்கமான சத்தமெல்லாம், சைக்கிள் மணி, எங்கோ அலறிய டிவி, நாய், ஒவ்வொன்றாகத் தேய்ந்து, மூழ்கியவன் காதில் கேட்பது போல மந்தமாகி, கடைசியில் ஒன்றே ஒன்று மிஞ்சியது. ஈரத்துணி தரையில் இழுபடும் ஓசை. இரண்டு இழுப்பு. நிறுத்தம்.

மகளின் தலை அவர் கைக்குள் நிமிர்ந்தது.

"அம்மா" என்றாள். சந்தேகமாக இல்லை. பஸ் வந்துவிட்டது என்று சொல்வது போல.

அவர் ஜன்னலுக்குப் போனார்.

கேட்டுக்கு வெளியே அவள் நின்றிருந்தாள். படகில் போட்டிருந்த அதே பச்சை ஸ்வெட்டர். அதே ஒரு பக்கம் ஒதுங்கிய முன்முடி. ஒற்றைச் செருப்பு. வீட்டைப் பார்த்துச் சிரித்தபடி, முகத்தைத் திருப்பாமல், பின்னோக்கி நகர்ந்துகொண்டிருந்தாள். பாதங்கள் தரையில் பட்டும் படாமலும், உடம்பு ஒரு பக்கம் சாய்ந்து, நொண்டி நொண்டி, ஏரி இருக்கும் திசைக்கு. இரண்டு இழுப்பு. நிறுத்தம்.

அவருக்குக் கண்தான் முதலில் தெரிந்தது. ஒரு சுற்றுப் பெரிது.

பிறகு கட்டைவிரல். அதில் மஞ்சள் பிளாஸ்திரி. தெருவிளக்கு வெளிச்சத்தில் நன்றாகத் தெரிந்தது. துணி இல்லை அது. விரலோடு விரலாக, மஞ்சளாக, நுனியில் நகம் முளைக்க, அப்படியே வளர்ந்திருந்தது.

அவள் பிடரியிலிருந்து ஒரு தூண்டில் நரம்பு தெருநெடுகப் போயிற்று. நனைந்திருந்தது. விறைப்பாக இருந்தது.

"மிளகு, உள்ள போ" என்றார். குரல் வந்ததா என்று தெரியவில்லை. திரும்பினார். சீப்பு தரையில் கிடந்தது. வாசல் கதவு திறந்து கிடந்தது. தாழ்ப்பாள் போடுவது அவள் தூங்கியபிறகு. அவள் இன்னும் தூங்கியிருக்கவில்லை.

ஓடினார்.

நிறுத்தம். அந்த நிறுத்தத்தில் மகள் போய்ச் சேர்ந்தாள். இடுப்பைக் கட்டிக்கொண்டு ஸ்வெட்டரில் முகத்தைப் புதைத்தாள். அவளுடைய அம்மாவின் கைகள் மெல்ல வளைந்து குழந்தையின் தோளில் இறங்கின. விரல்கள் மடங்கின. நகங்கள் உள்ளே போயின. ஒவ்வொரு நகத்துக்கும் பின்வாட்டில் ஒரு குட்டி முள் இருந்தது. அது எதற்கென்று அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் அந்த ஊரில் இல்லை. உள்ளே போகும். வெளியே வராது.

"மிளகு! வலிக்குதாடா?"

"வலிக்கலப்பா." குழந்தை திரும்பிச் சிரித்தாள். "அம்மா ஜில்லுனு இருக்கா."

அவர் யோசித்தார். யோசிக்க நேரம் இருந்தது, நிறுத்தம் இன்னும் முடியவில்லை. கத்தி எடுக்க வீட்டுக்கு ஓடினால் திரும்பி வரும்போது தெரு காலியாக இருக்கும். நரம்பைக் கையால் அறுக்க முடியாது. அறுந்தாலும் முள் முள்தான். இது பொய் என்று தெரிந்தது. யாருக்காகச் செய்த பொய் என்றும் தெரிந்தது. மகளின் கை அவரை நோக்கி நீண்டிருந்தது.

பிடித்துக்கொண்டார்.

உள்ளங்கையில் சுருக்கென்று ஏதோ ஏறியது. மகளின் நகம். அது எப்போது அப்படி வளைந்தது? வலிக்கவில்லை. ஒரு வருஷமாக உடம்பில் இருந்த அதே மரப்புதான், கொஞ்சம் ஜில்லென்று.

நரம்பு இழுத்தது.

தெருவில் போனார்கள். இரண்டு இழுப்பு, நிறுத்தம். மேலோட்டமாகப் பார்த்தால் ஒரு குடும்பம் கைகோத்து மாலையில் காற்றாடப் போவது போல இருந்திருக்கும். பக்கத்து வீட்டம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னலைச் சாத்தினாள். மழையின் முதல் துளி விழுந்தது. அவர் முகத்தில் விழுந்ததா என்று அவருக்குத் தெரியவில்லை.

துணிக்கடையில் விளக்கு எரிந்தது. மச்சினன் வாசலில் நின்று பொம்மைக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தான்.

"என்ன மாமா, மழை வருது, எங்க கெளம்பிட்ட?" என்று ஆரம்பித்தவன் நிறுத்தினான். பொம்மையின் கை அவன் கையோடு வந்துவிட்டது.

சரியாகக் கடை எதிரே, நரம்பு தளர்ந்தது. மூவரும் நின்றார்கள்.

வராதே என்று சொல்ல அவர் வாயைத் திறந்தார். வாய் திறந்தது, மூடியது. திறந்தது, மூடியது. தண்ணீர்தான் வந்தது.

"அக்கா!"

மச்சினன் கடையை அப்படியே போட்டுவிட்டு, படியைத் தாண்டி, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடி வந்துகொண்டிருந்தான்.