பதினேழாவது வெர்ஷனில் வந்தவன்

“இங்க சுடர்விழிங்கிறது யாருங்க?”

மழையில் தொப்பலாய் நனைந்த ஒருவன் வாசலில் நின்று கேட்டான்.

புதுக்கோட்டையில் அந்த ரத்ததானக் குழுவின் சின்ன அலுவலகத்தில் சுடர்விழிக்கு நிமிர்ந்து பார்க்க நேரமில்லை. பிரசவத்துக்கு வந்த ஒரு பெண்ணுக்கு மாலை ஆறு மணிக்குள் ஓ நெகட்டிவ் ரத்தம் வேண்டும். ஆஸ்பத்திரி கேட்டவுடன், பொருத்தமான கொடையாளர்களுக்குத் தானாகவே மெசேஜ் போகும்படி கிளவுடில் ‘ஃப்ளோ’ என்கிற தானியங்கி வேலைத்தொடரை அமைத்தவள் அவள்தான். அதில் அவளுக்குக் கொள்ளைப் பெருமை. ஆனால் இன்று, மெசேஜ் போய் ஒரு மணி நேரமாகியும் ஒருவரும் வரவில்லை...

“நான்தான். ரத்தம் குடுக்கவா? உக்காருங்க.”

“பேரு நெலவழகன். வல்லத்திராக்கோட்டையில மோட்டாருக்குக் காயில் கட்டுறேன். எனக்கு பி பாசிட்டிவுங்க.”

அவளுக்குச் சுர்ரென்று ஏறியது. “ஓ நெகட்டிவ்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கு. படிக்காமலா வந்தீங்க?”

“படிச்சுட்டுத்தாங்க வந்தேன்.” அவன் குரலிலும் ரோஷம். “எனக்குத் தப்பா வந்திருக்குன்னா, வரவேண்டிய ஆளுக்குப் போயிருக்காதுல்ல? மெசேஜுல உங்க பேரும் நம்பரும் இருந்துச்சு, போன் அடிச்சா எங்கேஜ்டாவே இருக்கு. அதான் வண்டிய எடுத்துட்டு வந்துட்டேன்.”

அப்போதுதான் நிமிர்ந்தாள். இமையில் மழைத்துளி... அதற்குக் கீழே நேராகப் பார்க்கும் இரண்டு கண்கள். மெசேஜ் கிடைத்த மற்றவர்கள் சிரித்துவிட்டு அழித்திருப்பார்கள். இவன் ஒருவன்தான் யோசித்திருக்கிறான்!

ஆனாலும் வீம்பு விடுமா? “என் ஃப்ளோ தப்பு பண்ணாது. கூட வேலை பாக்குற பிளெஸ்ஸிதான் எதையாவது மாத்தியிருக்கணும்.”

“யாரு மாத்துனதுன்னு அப்பறம் பாக்கலாம்ங்க. முந்தி எப்படி இருந்துச்சோ அதைக் கொண்டார முடியாதா?”

முடியும். அந்த ஃப்ளோவைக் கவனித்துக்கொள்ளும் ஏஐ ஏஜென்ட்டிடம் வேகமாக டைப் செய்தாள். ‘இந்த ஃப்ளோவின் பழைய வெர்ஷன்களை எடு. கடைசியாக என்ன மாறியது?’

பதினேழு வெர்ஷன்கள் வரிசையாக வந்து நின்றன. பதினாறு வரை பழுதில்லை. பதினேழில், தாலுகா வாரியாகப் பிரிக்கிறேன் என்று பட்டியல்களைக் கழற்றி மாட்டியதில், ஓ நெகட்டிவ் இருந்த இடத்தில் பி பாசிட்டிவ் பட்டியல் உட்கார்ந்திருந்தது. மாற்றியவர் பெயர்... சுடர்விழி. நேற்று மாலை.

ஆனைக்கும் அடி சறுக்கும்தான். ஆனால் சறுக்கியதை ஒரு அந்நியன் பக்கத்தில் நின்று பார்ப்பது இருக்கிறதே... அவன் சிரிப்பான் என்று காத்திருந்தாள். அவன் சிரிக்கவில்லை.

“மொதல்ல பழசை மாட்டுங்க,” என்றான் மெதுவாக.

பதினாறாவது வெர்ஷனை மீட்டு ஓடவிட்டாள். ஐந்து நிமிடம்... பத்து... ‘வாரேன்’ என்று இலுப்பூரிலிருந்து ஒரு வாத்தியார். ‘கெளம்பிட்டேன்’ என்று கறம்பக்குடியிலிருந்து ஒரு கடைக்காரர். பஸ் ஸ்டாண்டிலிருந்து இருவரையும் தன் வண்டியிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் விட்டவன் நிலவழகன்.

மாலையில், தாயும் பிள்ளையும் நலம் என்று போன் வந்தது. கூடவே குழுத் தலைவர் ஆவுடையப்பனும் வந்தார்.

“என்னம்மா, அந்த ஏஐ ஏதோ கோளாறு பண்ணிருச்சாமே? மெஷினை நம்புனா இப்படித்தான்!”

சும்மா தலையாட்டியிருக்கலாம். மெஷின் என்ன மறுத்தா பேசப் போகிறது? ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியிருந்த நிலவழகன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“மெஷின் இல்லைங்க சார், நான்தான். மாத்திட்டு ஓட்டிப் பாக்காம விட்டுட்டேன். பழசை எடுத்துக் குடுத்ததே அந்த ஏஐதான்.” தலை நிமிர்ந்தே சொன்னாள். கண் மட்டும் கலங்கியது.

படியிறங்கும்போது அவனும் கூடவே வந்தான். மழை தூறலாகியிருந்தது.

“அது மேல பழியப் போட்டுத் தப்பிச்சிருக்கலாம்லங்க?”

“நான் கர்வக்காரிங்க. என் தப்பைக்கூட அடுத்தவங்களுக்குக் குடுக்க மாட்டேன்.”

அவன் நின்றுவிட்டான். “எங்க ஆத்தா ஒரு வருசமாப் பொண்ணு பாக்குது. யாரைக் காட்டுனாலும் வேணாம்னுட்டேன். இன்னிக்கு நீங்க ‘நான்தான்’னு சொன்னீங்க பாருங்க... எனக்கே பெருமையாப் போச்சுங்க. வீட்டுல போய்ச் சொல்லிரலாம்னு இருக்கேன்.”

“என்னன்னு?”

“பொண்ணு பாத்துட்டேன்னு...”

அவள் கன்னம் சுட்டது. ஆனாலும் கண்ணைத் தாழ்த்தவில்லை.

“அரைகுறையாப் போய்ச் சொல்லாதீங்க,” என்றாள் சுடர்விழி. “அந்தப் பொண்ணுக்கும் என்னையப் புடிச்சிருக்காம்னு சேத்தே சொல்லுங்க.”