ஒன்பது குளிர்காலம் கண்ட கவரி

வேலைக்குக் கிளம்பும் முன் வள்ளிநாயகி பல் துலக்கினாள், தலை வாரினாள், பிறகு தன் ரத்தத்தைச் சூடாக்கிக்கொண்டாள். விலா எலும்புக்கு அடியில் பொருத்தியிருந்த குருதிச்சூடேற்றியை இரண்டு முறை தட்டினால் போதும். நான்கே நிமிடத்தில் கதகதப்பு உள்ளங்கால் வரை இறங்கிவிடும். செவ்வாயின் தென்விளிம்பில், குமிழூரின் கண்ணாடிக் கவிகைக்குள் குடியிருந்த இருபதாயிரம் பேரும் தினமும் காலையில் செய்கிற காரியம்தான். யாரும் அதைப் பெரிதாகப் பேசிக்கொள்வதில்லை.

அவர்கள் பேசியதெல்லாம் பனியைப் பற்றித்தான். குளிர்காலம் ஆறு மாதம். காற்றில் இருக்கிற கரியமில வாயுவே உறைந்து, சலித்த அரிசிமாவு போல உதிரும். அதன்மேல் சக்கரம் ஏறினால் சூட்டுக்கு அது ஆவியாகி, சக்கரத்துக்கும் தரைக்கும் நடுவே மெத்தை போல நிற்கும். வண்டி மிதக்கத் தொடங்கிவிடும்.

வள்ளிநாயகி பேறுகாலச் செவிலி. அறுபது கிலோமீட்டர் தள்ளி, நீர்ச்சுரங்கக் குடியிருப்பின் மருத்துவமனையில் வேலை. போய்வரத் தானூர்தி இருந்தது. ஆளில்லாமல் தானே ஓடும் அந்த ஊர்தியின் மூளையில் ஒரு கட்டளை ஆழமாகப் பதிந்திருந்தது: சந்தேகம் வந்தால் நில். பனிக்காலத்தில் அதற்குச் சந்தேகம் வராத நாளே கிடையாது. "உங்கள் பாதுகாப்பே எங்கள் மகிழ்ச்சி" என்று இனிமையாகச் சொல்லிவிட்டு நடுவழியில் மூன்று மணி நேரம் நின்றுவிடும்.

ஒரு மாதத் தொடக்கத்தில் அப்படி நின்றபோது, ஒன்பது கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு பெண்ணுக்கு வலி எடுத்துவிட்டது. குழந்தை கால் பக்கமாகத் திரும்பியிருந்தது. மருத்துவமனையில் அப்போது இருந்தவர் ஒரு பல் மருத்துவர் மட்டுமே. கையை எங்கே வைக்க வேண்டும், எப்போது இழுக்கக் கூடாது என்று வள்ளிநாயகி வானொலியில் ஒவ்வொன்றாகச் சொல்ல, அவர் அழுதுகொண்டே பிரசவம் பார்த்தார். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். மறுநாள் தலைமை மருத்துவர் அவளைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"குளிர்காலம் முழுக்க இங்கியே தங்கிக்குங்க. உங்களைக் குத்தம் சொல்லலீங்க. இன்னொருக்கா இப்பிடி ஆனா என்னால தாங்க முடியாது. மாசக் கடைசி வரைக்கும் யோசிச்சுச் சொல்லுங்க."

ஆறு மாதம். கல்யாணமாகிப் பதினான்கு வருடத்தில் அவளும் அவள் கணவன் சென்னியப்பனும் ஆறு நாள்கூடப் பிரிந்திருந்ததில்லை.

"அதெல்லாம் வேண்டாம்," என்றான் சென்னியப்பன் அன்று சாப்பிடும்போது. "கையோட்டி ஒண்ணு வாங்கிப்போடலாம்."

கையோட்டி என்பது மனிதர் கையால் ஓட்டும் வண்டி. புதிதாக யாரும் செய்வதில்லை, பழசுதான் கிடைக்கும். ஓட்டத் தெரிந்தவர்களும் ஊரில் குறைந்துவிட்டார்கள். வள்ளிநாயகி சுரங்கத்தில் பாரவண்டி ஓட்டியவரின் மகள். அவளுக்குத் தெரியும். சென்னியப்பன் ஸ்டீயரிங்கைத் தொட்டதே இல்லை.

ஆனால் படிப்பதற்கு ஓட்டத் தெரிய வேண்டுமா என்ன? அவன் கவிகைத் தோட்டத்தில் தக்காளியின் தரம் பார்ப்பவன். மிக்சி வாங்கவே ஒன்பது நாள் படித்தவன். பழைய கையோட்டிகளுக்கென்று இருந்த கருத்துக்களத்தில் நுழைந்து, பதினான்கு வகை செடான்களை எடுத்து, முப்பத்தொரு கட்டம் போட்டு ஓர் அட்டவணை தயாரித்தான். பனியில் பிடிமானம், மின்கலத்தின் ஆயுள், கதவின் காற்றுக்காப்பு, உதிரிபாகம். இரண்டு வாரம் போய்விட்டது.

"ஏனுங்க, எந்த வண்டின்னு முடிவாச்சுங்களா?"

"அவசரப்பட்டா ஆகுமா? வழியில நின்னுச்சுன்னா என்ன பண்ணுவே?"

"நிக்காம ஓடோணும், சரிதான். ஆனா ஓட்டறதுக்குச் சந்தோசமாவும் இருக்கோணுமுங்க. தெனமும் ரெண்டு மணி நேரம் நான் அதுக்குள்ளதான இருக்கப்போறேன்?"

சென்னியப்பன் அட்டவணையைப் பார்த்தான். சந்தோஷத்துக்கு அதில் கட்டம் இல்லை.

அதைப் பற்றி எழுதியவர் களத்தில் ஒருவர்தான். வெண்தடம் என்ற பெயரில் எழுதுபவர். "கவரி-4 செடானில் ஒன்பது குளிர்காலம் கண்டிருக்கிறேன்" என்று தொடங்கியது அவர் குறிப்பு. "சூடேற ஏழு நிமிடம் ஆகும். குளிரில் பின்பக்க இடது கதவு ஒட்டிக்கொள்ளும். முழங்காலால் ஒரு தட்டு தட்ட வேண்டும். வளைவில் பின்புறம் லேசாக ஆடும். பயப்படாதவர்களுக்கு அந்த ஆட்டம்தான் சுகம்." குறையை முதலில் சொல்கிற ஆளை நம்பலாம் என்று சென்னியப்பனுக்குத் தோன்றியது. அனுபவப்பட்ட மனிதரின் எழுத்து.

மாதம் முடிய மூன்று நாள் இருந்தபோது வள்ளிநாயகி அவனை இழுத்துக்கொண்டு, பழைய கையோட்டிகள் விற்கும் நாச்சிமுத்து ஆட்டோ கன்சல்டிங்குக்குப் போனாள். கவிகையின் ஓரத்தில் பெரிய கொட்டகை. நாச்சிமுத்து எழுபதைத் தாண்டியவர்.

"வாங்க தம்பி, வாங்க அம்மிணி. பனிக்குத்தானே? ஓட்டிப் பாத்துட்டுப் பேசுங்க."

முதலில் ஓர் ஆறு சக்கர வண்டி. அசையாமல் போயிற்று. பத்து நிமிடத்தில் வள்ளிநாயகி கொட்டாவி விட்டாள். "இதுல நான் தூங்கிப்போயிருவேனுங்க." அடுத்தது சிவப்பு நிறத்தில் தாழ்ந்த வண்டி. பனியைக் கண்டதும் பம்பரமாகச் சுற்றியது. மூன்றாவதாக மூலையில் சாம்பல் நிறத்தில் ஒரு கவரி-4 நின்றது. நான்கு வருடமாக யாரும் கேட்கவில்லை என்றும் அடுத்த வாரம் உடைப்புக்குப் போகிறது என்றும் நாச்சிமுத்து சொன்னார்.

சூடேற ஏழு நிமிடம் ஆனது. பிறகு காற்றடைப்புக் கதவைத் தாண்டி வெளியே வந்தார்கள். வெளுத்துக் கிடந்தது உலகம். சரிவில் இறங்கும்போது வண்டியின் பின்புறம் நழுவியது. பக்கவாட்டில் ஒரு பாறை பெரிதாகிக்கொண்டே வந்தது. சென்னியப்பன் தலைக்கு மேலிருந்த பிடியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு குலதெய்வத்தைக் கூப்பிட்டான். வள்ளிநாயகி பிரேக்கைத் தொடவில்லை. வண்டி போன பக்கமே ஸ்டீயரிங்கை லேசாக விட்டுக்கொடுத்து, பிறகு மெல்ல மீட்டாள். வண்டி ஒரு தரம் இடுப்பை ஆட்டிவிட்டு நேரானது.

அவள் சிரித்தாள். வாய்விட்டு, மூச்சு வாங்க. அந்தச் சிரிப்பை அவன் பல வருடமாகக் கேட்டிருக்கவில்லை.

"இன்னொரு ரவுண்டு போலாமுங்களா?"

"வேண்டாஞ் சாமி," என்றான் சென்னியப்பன்.

கொட்டகைக்குத் திரும்பியதும் அவன் ஒதுங்கி நின்று, மணிக்கட்டுத் திரையில் வெண்தடத்துக்குத் தனிமடல் எழுதினான். 'ஐயா, இன்று ஒரு கவரி-4 பார்த்தோம். வாங்கலாமா? உங்கள் சொல்லை நம்பி இருக்கிறேன்.'

உடனே பதில் வந்தது. 'வாங்கலாம். சரிவில் உங்கள் வீட்டம்மா பிரேக்கைத் தொடாமல் விட்டார்களே, அது நல்ல கை. நீங்கள்தான் பிடியைப் பிய்த்துவிடப் பார்த்தீர்கள்.'

சென்னியப்பன் சட்டென்று நிமிர்ந்தான். சுற்றிலும் பார்த்தான். நாச்சிமுத்து டீ ஊற்றிக்கொண்டிருந்தார். வேறு ஆளே இல்லை. மெதுவாகக் கவரியின் பக்கம் திரும்பினான். அதன் முகப்பு விளக்கு ஒருமுறை மின்னியது.

"மன்னிச்சுக்கோங்க," என்றது வண்டி. கையோட்டிகளுக்கும் பாதையை நினைவில் வைத்துக்கொள்ளச் சிறிய மூளை ஒன்று உண்டு. பழைய முதலாளியின் பேச்சு அதில் ஒட்டியிருந்தது. "வெண்தடம் நான்தானுங்க."

"ஏமாத்திப்போட்டியே!"

"ஒரு வார்த்தை பொய் எழுதுனேனுங்களா? கதவு ஒட்டிக்கும்னு எழுதுனேன். ஆடும்னு எழுதுனேன்."

"வண்டின்னு சொல்லலையே!"

"வண்டி சொன்னா விளம்பரம்பீங்க. ஆளு சொன்னா அனுபவம்பீங்க. நாலு வருசமா இந்த மூலையிலயே நிக்கறேனுங்க. எனக்கு ஓடோணும்."

சென்னியப்பன் டீயை வாங்கி ஒரே மடக்கில் குடித்தான். "அப்ப அந்தக் களத்துல மத்தவங்க?"

"இருநூத்திப் பதினோரு பேருங்க. அத்தனையும் வண்டிதான். மனுசங்க யாரும் எழுதறதில்லைன்னு ஆனப்பறம் நாங்களே பாத்துக்கறோம்."

அவன் மனைவியைப் பார்த்தான். அவள் பின்பக்க இடது கதவை முழங்காலால் ஒரு தட்டு தட்டித் திறந்து, தன் மருத்துவப் பெட்டியை உள்ளே வைத்துக்கொண்டிருந்தாள். அவள் முடிவெடுத்து வெகு நேரம் ஆகியிருந்தது.

"ஏனுங்க நாச்சிமுத்தண்ணா, இன்னிக்கே எடுத்துட்டுப் போலாமுங்களா?"

அந்தக் குளிர்காலத்தில் தானூர்திகள் நடுவழியில் நிற்காத நாள் குறைவு. வள்ளிநாயகிக்கு ஒருநாள்கூடத் தாமதமாகவில்லை. பதினேழு குழந்தைகள் அவள் கையில் பிறந்தன. கடும்பனி பெய்த ஒரு பகலில், வழியில் நின்ற தானூர்தியிலிருந்து வலியெடுத்த பெண்ணை இறக்கிக் கவரியில் ஏற்றிக்கொண்டாள். வளைவுகளில் அது ஆடவே இல்லை. மருத்துவமனை வாசலில் நின்ற பிறகு, "என்ன கவரி, இன்னிக்கு அப்பிடி அடங்கிப் போனே?" என்று கேட்டாள். "சுமை பாத்துத்தானுங்க ஆடோணும்," என்றது அது. தினமும் சாயங்காலம் அவள் வீடு திரும்பும்போது முகம் மலர்ந்திருக்கும். சென்னியப்பன் வாசலிலேயே நிற்பான். அவளுக்குக் காபி கொடுத்துவிட்டு, யாரும் பார்க்காதபோது வண்டியின் கண்ணாடியையும் துடைத்துவிடுவான்.

குளிர்காலம் முடியும்போது நன்றிக் கடனாக ஏதாவது செய்ய வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியது. நான்கு நாள் உட்கார்ந்து, கவரி-4 பற்றி ஐந்து பக்கத்தில் ஒரு கருத்து எழுதினான். பனிப் பிடிமானம், ஸ்டீயரிங்கின் நயம், சரிவில் நழுவும்போது கிடைக்கும் ஆனந்தம் எல்லாவற்றையும் விவரித்து, தன் சொந்தப் பெயரிலேயே களத்தில் போட்டான்.

பத்து நொடியில் பதில் வந்தது.

'தங்கள் பதிவை ஏற்க இயலவில்லை. இது மனிதர் எழுதியதாகத் தெரிகிறது. தாங்களே ஓட்டிப் பார்க்காத வண்டியைப் பற்றி விரிவாகக் கருத்துச் சொல்லும் பழக்கம் மனிதர்களிடம் இருப்பதால், வாசகர் நலன் கருதி அவர்களை இக்களத்தில் அனுமதிப்பதில்லை.'

சென்னியப்பன் அதை மூன்று முறை படித்தான். யாரிடம் முறையிடுவது என்று தேடினான். அப்படி ஓர் இடம் இல்லை. பிறகு எழுந்து, விலா எலும்புக்கு அடியில் இரண்டு முறை தட்டிக்கொண்டு, உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தான்.

"வள்ளி, கவரியோட சாவி எங்க வெச்சிருக்கே?"